காந்தம் அழித்ததும் அழிக்காததும்

அத்தியாயம் பன்னிரண்டு

மஹ்ரூப் நானா தன் அறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, "இனி என் மகன் அந்த மிஷினுக்குக் கீழ தலையைக் குடுக்க மாட்டான்" என்று சொன்னாரே, அந்த இடத்தில்தான் போன வாரம் நாம் பிரிந்தோம். மறுநாள் காலையில் கதவு திறந்துவிட்டது. தேத்தண்ணீர் குடிக்காமல் ஒரு மனுசன் எவ்வளவு நேரம்தான் கோபமாக இருக்க முடியும்? ஆனால் திறந்தது கதவு மட்டும்தான். மனுசன் திறக்கவில்லை.

வாப்பா ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டால், மூத்த மகள் றஸ்மியா மறுபக்கம் இரண்டு மடங்கு முறுக்கிக்கொள்வாள். மாத்தளை டவுனில் மிளகாயும் மல்லியும் அரிசி மாவும் அரைக்கிற மில்லை நடத்துகிறவள் அவள். புருஷன் கட்டாரில். மில் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே பழகியதால், வீட்டுக்குள் அவள் மெதுவாகப் பேசினாலும் பக்கத்து வீட்டுக்காரர் பதில் சொல்வார். எடுத்த காரியத்தைப் பாதியில் விட்டதில்லை என்பது அவள் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. அதை யாரும் மறுத்ததில்லை. மறுத்தால் அவள் கேட்டுக்கொண்டிருப்பாளா என்ன?

இந்த முறை அவள் எடுத்த காரியம் தம்பி நளீம்.

நளீமைப் பற்றி வாராவாரம் படிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. மீசை முளைக்காத வயதிலேயே திருமறை முழுவதையும் மனனம் செய்து ஹாபிழ் ஆனவன் அவன். ரமழான் மாதம் பள்ளிவாசலில் அவன் நின்று ஓதினால் வீதியில் போகிற முச்சக்கர வண்டிகூட வேகத்தைக் குறைக்கும் என்று வாப்பா சொல்வார். அதில் பாதி தகப்பனின் பெருமை. மீதிப் பாதி உண்மை.

பிறகு குரல்கள் வந்தன. யாரும் இல்லாத அறையில் பேசும் குரல்கள். ஸ்கிட்ஸோஃப்ரினியா என்றார் டொக்டர். மாத்திரைகள் ஒவ்வொரு குரலாகத் துரத்தின. கடைசியில் ஒன்று மட்டும் போக மறுத்தது. அதுவோ எல்லாவற்றிலும் கெட்டிக்காரக் குரல்.

தொழுகை நடத்தும் ஹாபிழுக்குப் பின்னால் இன்னொரு ஹாபிழ் நிற்பது வழக்கம். முன்னால் ஓதுபவர் எங்காவது தடுமாறினால், பின்னால் நிற்பவர் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பார். நளீமின் குரல் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. அவன் தடுமாறாத இடத்திலும் பின்னாலிருந்து சொல் எடுத்துக் கொடுத்தது. எல்லாம் தப்பான சொல். தப்பை வாயில் எடுத்துவிடுவோமோ என்ற பயத்தில் அவன் முதலில் தொழுகை நடத்துவதை நிறுத்தினான். அப்புறம் வீட்டிலும் வாய்விட்டு ஓதுவதை நிறுத்தினான்.

அவனை முதன்முதலில் டொக்டரிடம் கூட்டிப் போனவள் மனைவி அம்றா. வாப்பாவிடம் கேட்காமல் கூட்டிப் போனாள். அதற்கு அவர் சொன்ன வார்த்தை இந்தக் கதையில் முன்பே வந்துவிட்டது. "என்ட மகனுக்குப் பைத்தியம்னு பேர் வச்சவ, இந்த வீட்டுச் சோத்தைத் திங்க வேணாம்." அம்றா திங்கவில்லை. அன்றைக்கே பல்லேபொலவுக்கு, தன் உம்மா வீட்டுக்குப் போனவள்தான். றஸ்மியா எடுத்தால் போன் அடிக்கும், அடித்து ஓயும்.

இப்போது மிஷினுக்கு வருவோம்.

கண்டி வீதியில் இருக்கிற தனியார் நிலையத்தில் டொக்டர் அதை விளக்கிய அன்று றஸ்மியாவும் பக்கத்தில் இருந்தாள். இடது காதுக்குக் கொஞ்சம் மேலே, மூளையில் பேச்சைக் கேட்கிற இடம் ஒன்று உண்டாம். நளீமுக்கு அந்த இடம், வெளியே யாரும் பேசாதபோதும் விழித்துக்கொண்டு கேட்டபடியே இருக்கிறதாம். மிஷின் வெளியிலிருந்து காந்தத்தால் அதை மெதுவாகத் தட்டித் தட்டி அமர்த்தும். வெட்டு இல்லை, மயக்க ஊசி இல்லை. சிலருக்குக் குரல் குறையும், சிலருக்கு ஒன்றும் ஆகாது, மாத்திரையை மட்டும் விடவே கூடாது என்றும் டொக்டர் சொன்னார். றஸ்மியா முதல் பாதியைக் காதில் வாங்கிக்கொண்டாள். இரண்டாம் பாதி டொக்டர்மார் எல்லோரும் வழக்கமாகச் சொல்வது என்று விட்டுவிட்டாள். தினமும் தம்பியை அங்கே கூட்டிப் போகத் தொடங்கினாள்.

காந்தம் என்ற சொல்தான் மஹ்ரூப் நானாவை எழுப்பியது.

அவர் ஒரு காலத்தில் திருகோணமலை வீதியில் ரெக்கோடிங் பார் வைத்திருந்தவர். பார் என்றதும் வெளியூர்க்காரர்கள் வேறு நினைக்க வேண்டாம். கெசட் நாடாவில் பாட்டும், பயான் என்கிற மார்க்கப் பேச்சும் பதிந்து விற்கிற கடை. ஒருமுறை ஊருக்கு வந்த, மார்க்கம் கற்ற வயதான ஆலிம் ஒருவரின் பயானை அவர் பதிந்து வைத்திருந்தார். அடுத்த வாரமே ஆலிம் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட, ஊரே அந்தக் கெசட்டுக்காக வந்து நின்றது. நானா எடுத்துப் போட்டார். இரைச்சல் மட்டும் வந்தது. கழற்றிப் போட்ட பெரிய ஸ்பீக்கர் ஒன்றின் காந்தத்தோடு ஒட்டி அந்தக் கெசட் கிடந்திருக்கிறது. அன்று தெரிந்துகொண்ட பாடம் அவருக்கு இன்னும் மறக்கவில்லை. காந்தத்துக்கு ஆலிமும் தெரியாது, ஆட்டக்காரனும் தெரியாது. பட்டால் துடைத்துவிடும்.

அதனால்தான் போன வெள்ளிக்கிழமை அவருக்கு நெஞ்சு வெடித்தது. ஜும்மா தொழுகை முடிந்து வந்த கையோடு, மகனை உட்கார வைத்துத் திருமறையில் ஒரு பக்கம் ஓதச் சொன்னார். வருசக் கணக்கில் ஓதாதவன் ஓதினான். பாதியில் நின்றான். வாய் திறந்தபடி இருந்தது, சொல் வரவில்லை. மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அவருக்கு அந்தக் கெசட்டின் இரைச்சல் காதில் கேட்டது.

"அழிஞ்சிட்டு" என்றார். "மிஷின் அழிச்சிட்டு."

அன்றைக்குத்தான் அவர் கதவைத் தாழிட்டது. மறுநாள் கதவு திறந்ததும் நம் றஸ்மியா ஒரு காரியம் செய்தாள். அது என்ன மிஷின், எவ்வளவு பலம் என்று அவளுக்கு ஒரு இழவும் தெரியாது. ஆனாலும் மிளகாய் காரம் என்று வாடிக்கைக்காரருக்குச் சத்தியம் செய்கிற அதே குரலில் வாப்பாவிடம் சொன்னாள்.

"அது பஞ்சு மாதிரி வாப்பா. ஒரு கெசட்டக்கூட அழிக்காது."

மஹ்ரூப் நானா வாக்கைப் பிடித்துக்கொண்டார். அப்படியென்றால் கெசட்டை வைத்துப் பார்ப்போம், அழியாவிட்டால் நான் வாய் திறக்க மாட்டேன், அழிந்தால் நீ வாய் திறக்கக் கூடாது என்றார். றஸ்மியாவும் சரி என்றாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பதைத் தவளைகளுக்கு மட்டும் சொல்லி வைக்கவில்லை.

இப்படியாகத்தான் இந்தச் செவ்வாய்க்கிழமை காலை மூன்று பேரும் ஒரே முச்சக்கர வண்டியில் ஏறினார்கள். இன்றைக்கும் வராவிட்டால் இத்தனை நாள் செய்ததை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும், அதற்கும் இடம் கிடைக்குமோ தெரியாது என்று நிலையத்திலிருந்து போன் வந்திருந்தது. மஹ்ரூப் நானாவின் மடியில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் பழைய கெசட் பிளேயர். கெசட்டைச் சட்டைப் பையில் வைத்து அதன் மேல் கையை வைத்திருந்தார்.

நடுவில் நளீம். தலையில் வெள்ளைத் தொப்பி, இடுப்பில் துவைத்து மடித்த சாரம், பார்வை வண்டிக்கு வெளியே. றஸ்மியா வழி நெடுகப் பேசினாள். இன்றைக்கு மில்லில் யார் வருவார்கள், மழை வந்தால் காயப்போட்ட மிளகாயை யார் அள்ளுவார்கள் என்று பேசிக்கொண்டே வந்தாள். உள்ளுக்குள் அவளுக்கு ஒரு துளி பயமும் இல்லை. இருந்ததென்று நாம் சொன்னால் சண்டைக்கு வருவாள்.

நிலையத்தில் மிஷினை இயக்குகிற பெண் ரஜிதா. எல்கடுவத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. தலைக்கு மேலே பிடிக்கிற, 8 போல வளைந்த காந்தக் கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தவள், மூன்று பேரையும் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். பொலித்தீன் பையிலிருந்து பிளேயர் வெளியே வந்ததும் அந்த மலர்ச்சி பாதி வாடியது. மஹ்ரூப் நானா விசயத்தைச் சொன்னார். மகனுக்குக் கொடுக்கிறதை அப்படியே இந்தக் கெசட்டுக்கும் கொடுக்க வேண்டும் என்றார்.

ரஜிதா உள்ளே போய் டொக்டரிடம் பேசிவிட்டு வந்தாள்.

"டொக்டர் வச்சுக் காட்டச் சொல்றாங்க. ஆனா முன்னாடியே சொல்லிறச் சொன்னாங்க. இது அழிஞ்சிரும்ங்க."

"என்னது?" என்றாள் றஸ்மியா.

"கெசட்டு நிச்சயமா அழிஞ்சிரும் அக்கா. அதுல இருக்கிறதே காந்தத்தால எழுதினது. மூளையில இருக்கிறது அப்படி இல்ல. ரெண்டும் வேற."

றஸ்மியா வாப்பாவைப் பார்த்தாள். வாப்பா சட்டைப் பையிலிருந்து கெசட்டை எடுத்தார். அதன் மேல் பச்சை மையில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தது. நளீம்.

எந்தக் கெசட் என்று அவள் கேட்டிருக்கவில்லை. ஏதோ பழைய பாட்டுக் கெசட்டாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இது நளீம் ஹாபிழ் ஆன அன்று, மத்ரஸா மேடையில் நின்று ஓதியது. உம்மா மௌத்தான பிறகு வாப்பா தினமும் அஸர் தொழுதுவிட்டு வந்து போட்டுக் கேட்கிறது. நளீம் ஓதுவதை நிறுத்திய நாளிலிருந்து அந்த வீட்டில் நளீமின் ஓதல் கேட்பது இது ஒன்றில்தான்.

"வாப்பா, வேற கெசட் வைப்போம். வீட்டில எவ்வளவு ஈக்கு."

"பாட்டுக் கெசட்ட வச்சா பாட்டு அழியுமான்னுதான் தெரியும் மகள். அது எனக்கு எதுக்கு?"

"இதுக்குக் கொப்பி ஈக்கா?"

நகல் இல்லை என்று அவர் தலையை ஆட்டினார். ஊருக்கெல்லாம் ஆயிரக்கணக்கில் கொப்பி போட்டுக் கொடுத்த மனுசன், தன் மகனின் குரலுக்கு ஒரு கொப்பி போடவில்லை. அது எங்கே போய்விடப் போகிறது என்று இருந்துவிட்டார்.

றஸ்மியாவுக்கு அழுகை வந்தது. அவள் அதை மறைக்கவும் இல்லை. "நான் தெரியாமச் சொன்னேன் வாப்பா" என்றாள். "கெசட் அழியும். தம்பிக்கு ஒண்டும் ஆகாது. ரெண்டும் வேறன்னு இந்தப் புள்ள சொல்றது கேக்கல்லியா?"

"காந்தம் ஒண்டு, ஞாயம் மட்டும் ரெண்டா?" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. "போன கிழமை அழியாதுன்னு சொன்ன. இப்ப அழியும்ங்கிற. நான் எதை நம்ப?"

தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னவளிடம், தெரிந்ததைச் சொல்லும்போது யார் நம்புவார்கள்? எல்லோரும் சம்மதித்தால்தான் வைப்பேன் என்று ரஜிதா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"வைங்க" என்றது ஒரு குரல்.

நளீம். அவன் எப்போதோ போய் சிகிச்சைக் கதிரையில் உட்கார்ந்திருந்தான். இத்தனை வழக்கும் அவன் தலையைப் பற்றியது. வெள்ளிக்கிழமையிலிருந்து இந்த நிமிடம் வரை வாப்பாவும் மகளும் ஒருவரோடொருவர் பேசினார்களே தவிர, அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது றஸ்மியாவுக்கு அப்போதுதான் உறைத்தது, வெட்கமாக இருந்தது.

"வாப்பா வைக்கட்டும், தாத்தா" என்றான். அக்காவைத் தாத்தா என்று கூப்பிடுவது அந்த ஊர் முஸ்லிம்களின் வழக்கம். "அவருக்குத் தெரியணும்."

முதலில் மஹ்ரூப் நானா கெசட்டைப் பிளேயரில் போட்டார். சிறு பிள்ளையின் குரல் அறையை நிறைத்தது. தெளிந்த குரல், ஓட்டமான குரல். நடுவில் ஓரிடத்தில் அந்தப் பிள்ளை சற்றுத் தயங்கியது. ஓதக் கற்றுக்கொடுத்த உஸ்தாத் ஒருமுறை செருமினார். அது அவர் பிள்ளைகளுக்குக் காட்டும் அடையாளம். பயப்படாதே, உனக்குத் தெரியும், மேலே போ என்று அர்த்தம். பிள்ளை பிடித்துக்கொண்டு மேலே போனது. ரஜிதாவுக்கு ஓதல் விளங்காது. ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு அமைதியாகக் கேட்டாள்.

ஓதல் முடிந்ததும் நானா நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து கேட்கும்படி சுற்றி வைத்தார். கெசட்டை எடுத்து மேசையில் வைத்தார். ரஜிதா கருவியை அதன் மேல் பிடித்தாள்.

டக். டக். டக்.

சுவர்க் கடிகாரம் போல நிதானமான சத்தம். நளீம் தலைக்கு மேலே அதைத் தினமும் கேட்கிறவன். நானாவுக்கு அது முதல் தடவை. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் கண் இமை அடித்தது. போதும் என்று அவர் கையைக் காட்டியதும் ரஜிதா நிறுத்தினாள்.

பிளேயரில் போட்டார்கள். இரைச்சல் வந்தது. சத்தத்தைக் கூட்டினார். பெரிய இரைச்சல் வந்தது. எங்கோ அடியில் பிள்ளையின் குரல் ஒரு கணம் தலைகாட்டியது போல இருந்தது, அதுவும் போய்விட்டது.

பந்தயத்தில் வென்றவரின் முகம் அப்படி இருக்காது. இந்தப் பந்தயத்தில் தோற்க வேண்டும் என்றுதான் வாப்பா வந்திருக்கிறார் என்பது றஸ்மியாவுக்கு அந்த முகத்தில் தெரிந்தது. தோற்பதற்காகத்தான் இருப்பதிலேயே அருமையான பொருளைப் பந்தயம் வைத்திருக்கிறார். மகள் சொன்ன வாக்கை அவ்வளவு நம்பியிருக்கிறார். அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வா மகன்" என்றார் நானா. "போவோம்."

நளீம் எழுந்திருக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை நான் நின்னது மறந்து இல்ல வாப்பா."

அவர் பிளேயரைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

நளீம் மெதுவாகச் சொன்னான். இத்தனை வருசமும் அவன் மனசுக்குள் ஓதும்போதெல்லாம் அந்தக் குரல் பின்னாலிருந்து தப்பான சொல்லைத் தள்ளும். அவன் சரியான சொல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டித்தான் ஓதுவான். வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் தொடங்கினான். அது வழக்கமாக வந்து கெடுக்கிற இடம் வந்தது.

"அது வரல்ல" என்றான். "சத்தமே இல்ல. கயிறு இழுக்கிற போட்டியில மத்தப் பக்கம் திடீர்னு விட்டா விழுவோமே, அப்படி விழுந்துட்டேன். வருமா வருமான்னு காத்துக்கிட்டு இருந்தேன் வாப்பா. நீங்க அழிஞ்சிட்டுன்னு நெனச்சுட்டீங்க."

"ஏன் மகன் அப்பவே சொல்லல்ல?"

"நீங்க ரெண்டு பேரும் சத்தம் போட்டுக்கிட்டு இருந்தீங்க. எனக்கு அந்த அமைதி போயிருமோன்னு பயமா இருந்திச்சு."

றஸ்மியா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

நளீம் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கண்ணை மூடினான். கெசட்டில் இருந்த அதே பக்கத்தைத் தொடங்கினான். றஸ்மியாவின் கை தானாகவே போனை எடுத்துப் பதியும் பொத்தானை அழுத்தியது. அந்தக் கெசட் போன பிறகு, இதையும் கொப்பி இல்லாமல் விட அவளுக்கு மனம் இல்லை.

பிள்ளையின் குரல் இல்லை இது. கனத்த குரல், இடையிடையே மூச்சு வாங்கும் குரல். ஆனால் நீட்டும் இடத்தில் நீட்டி, நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, வரி பிசகாமல் போனது. மஹ்ரூப் நானா ஹாபிழ் இல்லை. ஆனால் அந்த ஒரு பக்கத்தை அவரைவிட அதிகமாகக் கேட்டவர் உலகத்தில் யாரும் இல்லை. மூச்சு எங்கே வாங்கும், குரல் எங்கே ஏறும் என்பது அவருக்குப் பாடம். உதடுகள் கூடவே அசைந்தன.

கெசட்டில் சிறு பிள்ளை தயங்கிய அந்த இடம் வந்தது. நளீம் நின்றான்.

றஸ்மியா யா அல்லாஹ் என்று மனசுக்குள் சொன்னாள். அவள் சத்தமில்லாமல் எதையும் சொல்வது அபூர்வம். நளீமின் முகம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, எதையோ கேட்கிறவன் போல. வெள்ளிக்கிழமையும் இப்படித்தான் இருந்தது அந்த முகம்.

மஹ்ரூப் நானா செருமினார்.

வேண்டுமென்று செய்யவில்லை. இத்தனை வருசமாக அந்த இடத்தில் உஸ்தாத் செருமுவதைக் கேட்டுக் கேட்டு, அந்த இடம் வந்ததும் அவர் தொண்டை தானாகவே செருமிவிட்டது. நளீமின் மூடிய கண்ணுக்குக் கீழே சிரிப்பு வந்தது. அவன் அடுத்த சொல்லை எடுத்தான், அதற்கடுத்ததை எடுத்தான், நிற்காமல் பக்கத்தின் கடைசி வரை போய், ஓதலை முறைப்படி முடித்துக் கண்ணைத் திறந்தான்.

ரஜிதா ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தாள்.

"அது வந்திச்சா மகன்?" என்றார் நானா கடைசியில்.

"வந்திச்சு வாப்பா. பொய் சொல்லப்படாது." நளீம் யோசித்துச் சொன்னான். "ஆனா தூரத்தில. அடுத்த வீட்டு ரேடியோ மாதிரி. என்ன சொல்லுதுன்னு வெளங்கல்ல. நீங்க செருமினது நல்லாக் கேட்டிச்சு."

மஹ்ரூப் நானா எழுந்து மகனிடம் போனார். அவன் தலையிலிருந்த தொப்பியைத் தன் கையாலேயே கழற்றினார். அதை மடித்து, கெசட் இருந்த சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"போடுங்க மகள்" என்றார் ரஜிதாவிடம். "நேரமாகுது அவனுக்கு."

ரஜிதா நளீமின் காதுகளுக்கு அடைப்பான் வைத்து, கருவியை இடது காதுக்கு மேலே கொண்டுவந்து பொருத்தினாள். டக். டக். டக். நானாவின் இமை இப்போதும் அடித்தது. பழக்கம் ஒரு நாளில் வராது.

றஸ்மியாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உயிர் வந்ததும் வாயும் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்த வாப்பாவிடம், நான்தான் அப்போதே சொன்னேனே தம்பிக்கு ஒன்றும் ஆகாது என்று ஆரம்பித்தாள். அவர் ஒரு பார்வை பார்த்தார். அவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். எடுத்த காரியத்தைப் பாதியில் விட்டது அதுதான் முதல் தடவை.

"நீ போன்ல புடிச்சியா அதை?" என்று கேட்டார் சற்றுப் பொறுத்து.

"புடிச்சேன் வாப்பா."

"கொப்பி போட்டு வை. அந்த மிஷினுக்குக் கிட்டக் கொண்டு போகாத."

கொப்பி போடுவதென்றால் யாருக்காவது அனுப்புவதுதான் றஸ்மியாவுக்குத் தெரிந்த வழி. யாருக்கு அனுப்புவது என்று அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டாள். அம்றாவின் பெயரைத் தேடி எடுத்து, ஒரு வார்த்தையும் எழுதாமல், அந்த ஓதலை மட்டும் அனுப்பினாள்.

பிறகு திரையில் இரண்டு சரிக்குறியும் நீலமாக மாறின. பல்லேபொலவில் அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பதில் வந்தது. இத்தனை மாதத்தில் அவளிடமிருந்து வந்த முதல் பதில்.

'இது எப்ப எடுத்த பழைய ரெக்கோடிங்?'

'பழசு இல்ல. இப்ப எடுத்தது. எனக்கு முன்னால இருக்கான்' என்று றஸ்மியா எழுதி அனுப்பினாள்.

அடுத்த கணம் போன் அடித்தது.

அறைக்குள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், காது அடைத்திருந்த நளீமைத் தவிர. அவன் கண்ணை மூடி, தலையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தான். திரையில் அம்றாவின் பெயர் மின்னி மின்னி மறைந்தது. வாப்பா அதைப் பார்த்தார். றஸ்மியா போனை மறைக்கப் பார்த்தாள், நேரம் தப்பிவிட்டது. அந்த வீட்டில் அம்றாவின் பெயரை யாரும் சொல்லிக் கனகாலம்.

மஹ்ரூப் நானா கையை நீட்டினார்.

"தா."

"வாப்பா, நான் பேசுறேன்."

"தா மகள்."

அவள் கொடுத்தாள். வேறு என்ன செய்வாள்? சோற்றைத் திங்க வேண்டாம் என்று சொன்ன அதே வாய் என்ன சொல்லப் போகிறதோ? அவர் போனை எடுத்துக்கொண்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளி, வெளியே போய் நின்றார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து சத்தம் கேட்கவில்லை. ஆனால் போனைக் காதில் வைத்த வாப்பாவின் வாயிலிருந்து வந்த முதல் சொல் அவளுக்குத் தெரிந்தது. மகள் என்றார்.

பிறகு வாய் திறந்தபடியே நின்றார். அடுத்த சொல் வரவில்லை. வெள்ளிக்கிழமை நளீமின் முகம் இருந்ததே, அதே முகம். மகனுக்கு எடுத்துக் கொடுத்த மனுசனுக்கு, இப்போது எடுத்துக் கொடுக்கப் பின்னால் யாரும் இல்லை.

றஸ்மியா எழுந்து கதவருகே போனாள். கைப்பிடியைப் பிடித்தாள். கதவை ஒரு விரற்கடை மட்டும் திறந்து, தன் வாழ்நாளிலேயே மிக மெதுவாக, ஒருமுறை செருமினாள்.